வாசலில் பறக்கும் நாட்டுக் கொடி: முறையறிந்து ஏற்றுவோம்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் பட்டணத்துக் கடைத்தெரு முதல் தோட்டத்து லயத்து வாசல் வரை நாட்டுக் கொடி பறக்கத் தொடங்கிவிடுகிறது. 31-ஆம் தேதி சுதந்திர தினம், செப்டம்பர் 16-ஆம் தேதி மலேசிய தினம் என்று ஒன்றரை மாதம் ஊரே கோலாகலமாக இருக்கிறது. பிள்ளைகள் ஆசையோடு கேட்க, நாமும் கொடி வாங்கிக் கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால், கட்டுகின்ற முறையில் கட்டுகிறோமா?

கொடி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புலிக்கொடியும் மீன்கொடியும் விற்கொடியும் கண்ட இனம் நாம். தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில்தான் முடிக்கிறோம். கோயில் கொடியைக் கண்ட இடத்தில் போடுவோமா? கால் படும்படி விடுவோமா? அந்தப் பயபக்தி நாட்டுக் கொடிக்கும் வேண்டும்.

கொடி பிறந்த கதை

மலாயாவுக்கென்று ஒரு கொடி வேண்டுமென 1949-இல் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. வந்து சேர்ந்த வரைபடங்கள் 373. ஜொகூர் பொதுப்பணித் துறையில் வேலை செய்த முகமது ஹம்சா என்பவரின் வரைபடம், சில மாற்றங்களுடன் ஏற்கப்பட்டது. 1950 மே 26-ஆம் தேதி கோலாலம்பூரில் அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அப்போது பதினோரு மாநிலங்களுக்குப் பதினோரு கோடுகள். 1963-இல் மலேசியா உருவானபோது கோடுகளும் நட்சத்திர முனைகளும் பதினான்காயின. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் எண்ணிக்கை மாறவில்லை. இன்று அவை பதின்மூன்று மாநிலங்களையும் மத்திய அரசாங்கத்தையும் குறிக்கின்றன. 'ஜாலூர் கெமிலாங்' என்ற பெயர் 1997-இல்தான் சூட்டப்பட்டது.

நீலம் மக்களின் ஒற்றுமை; பிறை இஸ்லாம் சமயம்; மஞ்சள் மலாய் ஆட்சியாளர்களின் அரச நிறம். இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கொடியைக் கையில் கொடுங்கள். பொருள் தெரிந்த பிள்ளை கொடியைக் கீழே போடாது.

தலைகீழாகிவிடக் கூடாது

அதிகம் நேரும் தவறு கொடியைத் தலைகீழாகக் கட்டுவதுதான். அடையாளம் மிக எளிது. உச்சிக் கோடு சிவப்பு, அடிக் கோடு வெள்ளை. பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலப் பகுதி, கம்பை ஒட்டி மேல் பக்கம் இருக்க வேண்டும். கம்பில்லாமல் சுவரில் மாட்டினால், எதிரே நின்று பார்ப்பவருக்கு நீலம் இடப்பக்க மேல்மூலையில் தெரிய வேண்டும். கூடுமானவரை கொடியை அகலவாட்டில் கட்டுவதே நல்லது, குழப்பத்துக்கு இடமிருக்காது. கட்டி முடித்ததும் பத்தடி தள்ளி நின்று ஒரு முறை பாருங்கள்.

இதென்ன பெரிய விஷயம் என்று எண்ண வேண்டாம். 2017-இல் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, நினைவு மலரில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது. அண்டை நாட்டார் மனம் புண்பட்டு, நம் அரசாங்கமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2025-இல் பிறை விடுபட்ட நம் கொடியின் படம் ஒரு நாளிதழில் வெளிவந்தது. அதே ஆண்டு ஒரு கடையில் கொடி தலைகீழாகப் பறந்தது. இரண்டும் போலீஸ் விசாரணை வரை போயின. கை தவறியது ஒரு நொடி. பதில் சொன்னது பல நாள்.

செய்ய வேண்டியவை

மூங்கிலோ பிளாஸ்டிக் குழாயோ எதுவானாலும் கம்பு நேராக, உறுதியாக இருக்கட்டும். கொடி தரையிலும் சாக்கடையிலும் கூரைத் தகரத்திலும் உரசக் கூடாது. துணி காயப்போடும் கொடியில் நாட்டுக் கொடியைத் தொங்கவிடுவது அழகல்ல.

மாநிலக் கொடியையும் சேர்த்து ஏற்றினால் நாட்டுக் கொடிக்கே முதலிடம். இரண்டு கம்பங்கள் என்றால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் நாட்டுக் கொடி. மூன்று என்றால் நடுவில். எந்தக் கொடியும் அதைவிட உயரமாகப் பறக்கக் கூடாது. கோயில் விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் இதே முறைதான்.

ஏற்றும்போது சுறுசுறுப்பாக ஏற்றுங்கள். இறக்கும்போது நிதானமாக இறக்கிக் கையில் வாங்குங்கள். அரைக்கம்பம் என்பது அரசாங்கம் அறிவிக்கும் துக்க நாளுக்குரியது. 2014 ஆகஸ்டு 22-இல், எம்.எச்.17 விமானத்தில் மாண்டவர்களுக்காக நாடே துக்கம் அனுசரித்தபோது அப்படிப் பறந்தது. அன்றும் கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

மேசை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் லாரியில் சரக்கு மூடவும் கொடியைப் பயன்படுத்தலாகாது. அதன் மேல் எழுதுவதும் படம் ஒட்டுவதும் தவறு. நாட்டுச் சின்னங்களை வியாபாரத்துக்கு முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1963-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கொண்டாட்டம் முடிந்ததும் கொடியை மறந்துவிடுவதுதான் நம்மிடம் உள்ள பெருங்குறை. வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து, தீபாவளி வரை தொங்கும் கொடிகள் எத்தனை! மலேசிய தினம் முடிந்த கையோடு இறக்கி, துவைத்து, நிழலில் உலர்த்தி, மடித்துப் பெட்டியில் வையுங்கள். கிழிந்துபோனால் குப்பைத் தொட்டியில் வீச வேண்டாம். மறைவான இடத்தில் மரியாதையாக எரித்துவிடுவதே முறை.

நமக்கு ஏன் இந்த அக்கறை?

இந்த நாட்டின் குடிமக்கள் என்ற பெயர் தோட்டத் தொழிலாளருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவர்களில் எத்தனையோ பேர் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளினார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானபோது, ஆயிரக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேறினார்கள். நீலக் கார்டு வாங்குவதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்த தாத்தா பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கொடியின் விலையைச் சொல்வார்கள்.

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே! கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் துணிதானே என்று எண்ணாதீர்கள். தேசிய கீதம் கேட்டால் நேராக நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இந்த ஆண்டு கொடியை அவர்கள் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். சிவப்பு மேலே, வெள்ளை கீழே என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அதன் கோடுகள் அத்தனையிலும் நம் உழைப்புக்கும் பங்குண்டு.