உங்களுக்குத் தெரியுமா? ஒரு கல், மூன்று சமயங்கள்

1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலில் வலம்வந்த சீனாவின் மிங் பேரரசுக் கடற்படை, 1409ஆம் ஆண்டுக்குரிய ஒரே கல்லில், சீனத்தில் புத்தருக்கும், தமிழில் திருமாலின் வடிவெனப் போற்றப்பட்ட தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் அளித்த காணிக்கைகளைப் பொறித்துவைத்தது. அக்கல் 1911இல் இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இக்காணிக்கைகள் காட்டும் பணிவை அப்படியே நம்பிவிட முடியாது. அக்கடற்படையின் தளபதி செங் ஹ விரைவிலேயே இலங்கையின் ஆட்சியாளர் அழகேசுவரரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். பின்னர் செலவும் வடக்கே மங்கோலியர் நெருக்கடியும் மிகவே, மிங் அரசு இப்பயணங்களைக் கைவிட்டது. அரேபிய, குஜராத்தி வணிகர்களின் கலங்கள் தொடர்ந்து ஓடினாலும், அவற்றைக் காக்கும் பேரரசுக் கடற்படை எதுவும் இந்தியப் பெருங்கடலில் இல்லாத நிலையில்தான், 1498இல் போர்த்துக்கீசிய மாலுமி வாஸ்கோ ட காமா சில கப்பல்களுடன் கோழிக்கோட்டை அடைந்தார்.