விடியும்வரை இருங்கள்

நண்பர்களோடு ஊர் பார்த்தல் – தொடர் 11

போன கிழமை கொழும்புக் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை கடித்துக்கொண்டு கடற்காற்று வாங்கிவிட்டு, அங்கிருந்து லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகும் நண்பர் கூட்டங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த வெள்ளவத்தை நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "எல்லாம் சரி, உங்கட மட்டக்களப்பில பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்ன இருக்கு?" கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டார். அவரில் பிழையில்லை. போர்க் காலம் முழுக்க இந்த ஊருக்கு ஆறு மணிக்குப் பிறகு என்று ஒன்று இருக்கவேயில்லை. இருட்டினால் கதவு பூட்டிவிடும். தெருவில் நாயும் ரோந்தும்தான். அந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மட்டக்களப்பின் இரவு எப்படியிருக்கும் என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் கிழமை அதைச் சொல்ல வேண்டும்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டிக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. கடற்பக்கக் கரை எழுவான்கரை, உட்கரை படுவான்கரை. நகரத்தின் மையமான புளியந்தீவு வாவிக்கு நடுவில் இருக்கிறது. ஆகவே இங்கே நாலு நண்பர்கள் சேர்ந்து எங்காவது போவதென்றால் எப்படியும் ஒரு பாலம் ஏறித்தான் ஆக வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் காந்தி பூங்காவில் கூடலாம். பக்கத்தில் 1814இல் இங்கு வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை. கொஞ்சம் நடந்தால் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. நெடுங்காலம் கச்சேரி அதற்குள்தான் இயங்கியது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு அலைந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சுவர்கள் தெரியும், ஆனால் சுவரில் ஏறி நின்று வாவியைப் பார்த்தவர்கள் குறைவு.

வெயில் தாழ்ந்ததும் கல்லடிப் பாலம். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் திறந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தது. நல்லவேளை, பழையதைக் கழற்றி விற்கவில்லை. வாகனம் இல்லாத அந்தப் பழைய பாலத்தில்தான் இன்று ஊர் காற்று வாங்குகிறது. தூண்டில் போடும் பையன்கள், கச்சான் விற்பவர், பிள்ளையின் கையைப் பிடித்தபடி நடக்கும் தகப்பன்மார். பாடும் மீன் ஓசை கேட்கவும் இதுதான் இடம். பூரணை நாட்களில் பாலத்தடியில் தோணியில் போய், சவள் என்ற துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் அடிகளார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஓசையைப் பதிவு செய்தார். பாடுவது மீனா மட்டியா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இதே வாவியின் இசையை வைத்துத்தான் சுவாமி விபுலாநந்தர் 'நீரர மகளிர்' பாடினார். 1947இல் யாழ் நூலை அரங்கேற்றிய அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் அவருடைய சமாதி இருக்கிறது. போகிற வழிதான், ஒருமுறை நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

இனிச் சாப்பாடு. மட்டக்களப்புச் சமையலின் சிறப்பெல்லாம் வீடுகளுக்குள் இருக்கிறது. முருங்கை இலை போட்ட வாவி நண்டுக்கறி, இறால் பால்கறி, புளியாணம், பொன்னாங்காணிச் சுண்டல் எல்லாம் ஒரே இலையில் கிடைக்கும் கடை அருமை. அதனால் இந்த ஊரில் ஒரு நண்பர் இருப்பது அவசியம். "மறுகா சாப்பிட வா மனே" என்று அவருடைய அம்மா சொன்னால், மறுக்காமல் போய்விட வேண்டும். கடையில் சாப்பிடுவதென்றால் கொத்துரொட்டி. அது கிழக்கில் பிறந்தது என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

சட்டித் தயிர் இல்லாமல் இந்தப் பக்கச் சாப்பாடு முடியாது. கரண்டி செங்குத்தாக நிற்கும் எருமைத் தயிரில் சீனியோ கித்துள் பாணியோ போட்டுச் சாப்பிட்டவர்கள் நகரத்துப் பெட்டித் தயிரைத் தேட மாட்டார்கள். ஆனால் அந்தச் சட்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் சாப்பிடுகிற நாம் அறிந்திருக்க வேண்டும். இம்மாவட்டத்துப் பண்ணையாளர்களின் மாடுகள் பரம்பரையாக மேய்ந்த பெரிய மேய்ச்சல் தரை மயிலத்தமடு, மாதவணை. அங்கே வெளியார் வந்து காடு வெட்டிப் பயிர் செய்வதையும், தங்கள் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரத்தில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மேய்ச்சல் தரை போனால் தயிர்ச் சட்டியும் போய்விடும். இரவுச் சாப்பாட்டுப் பேச்சில் இதையும் பேசுங்கள்.

கல்லடியைத் தாண்டினால் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். நகரம் உறங்கப் போகும் நேரத்தில் இங்கே கடைகளில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். இஞ்சிப் பிளேன்டீ, வட்டிலப்பம், மஸ்கட். நோன்பு மாத இரவுகளில் கேட்கவே தேவையில்லை. முஸ்லிம் நண்பர்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்புக் கிடைத்தால் தவற விடாதீர்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து, எல்லோரும் அந்த ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடும் சகன் சாப்பாடு அங்கே கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். நட்புக்கு இதைவிடப் பெரிய விருந்து நான் அறியவில்லை.

அந்தத் தட்டில் தமிழ் நண்பனின் கை விழாமல் போன காலம் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு கொல்லப்பட்டன. அதற்குப் பிறகு இரண்டு ஊரார் ஒரு மேசையில் உட்காரப் பல வருடம் எடுத்தது. மெல்ல மெல்ல உட்கார்ந்த பிறகு, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மறுபடியும் "அங்கே சாப்பிடாதே, இங்கே வாங்காதே" என்ற பேச்சு எழுந்தது. அந்த மாதங்களிலும் பழைய கடைக்கே போய், பழைய இடத்திலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டம் கூட்டவில்லை, அறிக்கை விடவில்லை. இந்த ஊரின் இரவைக் காப்பாற்றியவர்களில் அவர்களை முதலாவதாகச் சொல்வேன்.

சாப்பிட்ட பிறகு கொழும்பு நண்பர்கள் அறைக்குத் திரும்பப் பார்ப்பார்கள். உண்மையில் இரவு இனித்தான் தொடங்குகிறது. கூத்துக் காலமாக இருந்தால் வண்டியைப் படுவான்கரைக்குத் திருப்புங்கள். முன்பு மண்முனையில் 'பாதை' என்ற மிதவை வரும்வரை துறையில் காத்து நிற்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது சுலபம். தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தாண்டி முனைக்காடு, மகிழடித்தீவு என்று ஊர்கள் தொடர்கின்றன. வயல் வெளியில் மத்தளச் சத்தம் கேட்கிற திசையில் போனால் போதும்.

பார்க்கப் போகிறவர் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு இரவு, பல மாதத்து வேலையின் கடைசிப் படி. அறுவடை முடிந்த பிறகு ஊர் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானிக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் பார்த்துச் சட்டம் கொடுப்பார். பகலில் வயலிலும் தோணியிலும் உழைத்தவர்கள் இரவில் வந்து ஆட்டம் பழகுவார்கள். ஓரளவு பழகிய பிறகு சதங்கை அணி விழா, பிறகு அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகே அரங்கேற்றம். கூத்தின் இரு மோடிகளில், மகாபாரதப் போர்க் கதைகள் வடமோடியில் வரும், காதல் கதைகள் பெரும்பாலும் தென்மோடியில். வடமோடி அரசன் கரப்புடுப்பும் முடியும் தரித்துச் சுழன்று வருகிற வேகத்தை நேரில்தான் பார்க்க வேண்டும். உடுப்பின் பாரம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுழற்சி இன்னும் பெரிதாகத் தெரியும்.

கூத்தாடும் களரி வட்டமானது. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லரியும் பிற்பாட்டும். சுற்றிவர நாலு பக்கமும் பாயும் சாக்கும் விரித்து ஊர் உட்கார்ந்திருக்கும். முன்னால், பின்னால் என்று அங்கே பேதமில்லை. கட்டியகாரன் வருவான், பிறகு ஒவ்வொருவராக வரவு. கதாநாயகன் வரும்போது அவனுடைய மாமன் மச்சான்மார் வெடி கொளுத்துவார்கள், நடுவிலே எழும்பிப் போய் மாலை போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பதினொரு மணிக்கு நித்திரையாகி, யுத்தம் தொடங்கும் நேரத்தில் தட்டி எழுப்பப்படுவார்கள். கரையில் சிறு கடைகளில் கச்சான், கடலை, தேத்தண்ணி. நண்பர்களோடு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்து, பார்த்த ஆட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்து, திரும்பி வந்து உட்காரலாம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், எதையும் தவறவிட மாட்டோம். இரண்டு மணிக்குப் பிறகு ஆடுபவனின் களைப்பும் பார்ப்பவனின் நித்திரையும் ஒன்றையொன்று தொடும். அந்த நேரத்து ஒப்பாரியில் அழாத கிழவிகளை நான் கண்டதில்லை. கிழக்கு வெளிக்கும்போது வாழி பாடி முடிப்பார்கள்.

இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962இல் கர்ணன் போர், அதைத் தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுத்தார். படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த ஒன்றுக்கு அந்தப் பேராதனை மேடை மதிப்புத் தேடிக் கொடுத்தது. அதற்கு இந்த மண் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் விடியும்வரை ஆடுவதை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கிய அந்தக் கலைஞர்கள் ஒருநாளும் நினைத்திராத இடத்துக்கு இன்று வந்து நிற்கிறோம். விழாவில் அமைச்சரின் பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் இடையில் பத்து நிமிடம் கூத்து. வரவேற்பு ஊர்வலத்தில் வெயிலில் முடி கட்டி நடக்க இரண்டு கூத்தர். நகரத்துப் பிள்ளைகள் இதைத்தான் கூத்து என்று அறிகிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை. கூத்தில் பாதி, பார்க்கிற ஊர். அந்த ஊரையும் அந்த இரவையும் வெட்டி எறிந்துவிட்டு உடுப்பை மட்டும் மேடைக்கு எடுப்பது கலையை வளர்ப்பதாகாது. சீலாமுனைக் கிராமத்தவரோடு சேர்ந்து சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' நண்பர்களும் கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, ஆட்டத்தை ஊருக்குள்ளேயே, களரியிலேயே வைத்துக் கதையையும் பெண்களின் இடத்தையும் கேள்விக்கு எடுத்தார்கள். மாற்றம் என்றால் அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்னங்கள்ளும் தவறணையும் இந்தக் கரைகளுக்குப் புதிதல்ல. பின்னேரத்தில் நண்பர்கள் இரண்டு போத்தல் கள்ளோடு பொரித்த மீன் சாப்பிடுவதை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் களரிக்குக் குடித்துவிட்டு வராதீர்கள். நடுச்சாமத்தில் வெறிகாரர் இருவர் சண்டையைத் தொடங்கினால் ஊரே மாதக்கணக்கில் பழகிய கூத்து குழம்பிப்போகும். பெண்கள் பிள்ளைகளோடு எழும்பிப் போய்விடுவார்கள். படுவான்கரையின் பல குடும்பங்களைச் சாராயம் என்ன செய்திருக்கிறது என்பதை அங்கே போய் ஒருநாள் தங்கினால் நீங்களே காண்பீர்கள்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாயும் ரோச் லைற்றும் கொண்டு போங்கள். கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கிழவிகளுக்கு மறைக்காதீர்கள். காசு மாலையோ சால்வையோ போட விரும்பினால் அண்ணாவியாரை மறக்காதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் போகாதீர்கள். விழாக்களுக்குக் கூத்தரை அழைப்பவர்களும் கேளுங்கள்: முழு இரவு கொடுக்க முடிந்தால் அழையுங்கள், முடியாவிட்டால் உங்கள் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கள்.

அரங்கேற்றத் திகதிகள் பெரும்பாலும் பத்திரிகையில் வருவதில்லை. படுவான்கரையில் தெரிந்த ஒருவரிடமோ, அந்தந்த ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமோ கேட்டால் சொல்வார்கள்.