உங்களுக்குத் தெரியுமா? வேலமரத்தைப் பூவில் அறியலாம்

கண்மாய்க்கரையில் முள்ளோடு நிற்பதெல்லாம் கருவேலம் அல்ல. மரம் பூத்திருக்கும்போது பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். கருவேலம்பூ மஞ்சள் நிறத்தில் சுண்டைக்காய் அளவுப் பந்து. இதழ்கள் கண்ணில் படாது, தெரிவதெல்லாம் மகரந்த இழைகள். சீமைக்கருவேலத்தின் பூவோ பூனைவால் போல நீண்டிருக்கும். பெயரில்தான் வேலம், அது வேறு இனம். வெள்வேலத்துக்குப் பட்டை வெளிறியிருக்கும், கிளை நுனிகளில் வெண்மஞ்சள் பந்துகள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். குடைவேலத்துக்குப் பெயரே அடையாளம்.

கருவேல நெற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலை போலிருக்கும்; மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய பூமயிர். கோடையில் இது உதிரும்போது ஆடுகள் விடாது. இரவில் அசைபோடும்போது விதைகளைத் துப்பும், மிச்சம் புழுக்கையோடு வரும். விடிந்ததும் பட்டியைக் கூட்டினால் போதும், விதை சேர்ந்துவிடும். இப்படிக் கிடைக்கும் விதை நன்றாக முளைப்பதால் வனத்துறை நாற்றங்கால்களிலும் இதற்கு மதிப்பு உண்டு.

மரத்தடியில் பொறுக்கினால் துளை விழுந்த விதையை ஒதுக்குங்கள். உள்ளே வண்டு தின்றிருக்கும். மேல்தோல் கெட்டி என்பதால், கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மிதப்பவை உதவாது.

இன்னொன்று: ‘அக்கேசியா’ என்ற தாவரவியல் பெயர் 2005 வியன்னா மாநாட்டு முடிவுப்படி ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. நம் கருவேலம் இப்போது ‘வாச்செலியா நிலோட்டிகா’.