தோல்வி தந்த மஞ்சள் நிறம்

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கும்போது கேரளத்தின் தெருக்கள் நிறம் மாறுகின்றன. பாலக்காட்டின் நெல்வயல் ஓரங்களிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் அயல்நாட்டு அணிகளின் கொடிகள் பறக்கின்றன. அர்ஜென்டினாவின் வெளிர்நீலக் கோடிட்ட சட்டையும் பிரேசிலின் மஞ்சள் சட்டையும் அணிந்த சிறுவர்கள் திடல்களை நிறைக்கின்றனர். அண்மைக்காலமாகப் பழைய மாதிரிச் சட்டைகளைத் தேடி வாங்குவோரும் உள்ளனர். அவற்றின் முதுகில் எண் மட்டுமே இருக்கும். உலகக் கோப்பைச் சட்டைகளில் வீரரின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 1994ஆம் ஆண்டில்தான்.

ஓர் அணியின் சட்டை அந்நாட்டின் கொடியைப் போன்றே இருக்கும் என்று பலரும் எண்ணுவர். எல்லா அணிகளுக்கும் அது பொருந்தாது. இத்தாலியின் கொடியில் நீலம் இல்லை. அதன் அணியின் நீலம் சவோய் அரச குடும்பத்தின் நிறமாகும். நெதர்லாந்தின் கொடியில் ஆரஞ்சு நிறம் இல்லை. அஃது ஆரஞ்சு எனப் பெயர் கொண்ட அரச மரபை நினைவூட்டுவது. இந்திய அணியின் நீலமும் தேசியக் கொடியின் மூன்று பட்டைகளில் காணப்படுவதன்று. நடுவிலுள்ள சக்கரத்தில் மட்டுமே நீலம் உண்டு.

பிரேசிலின் மஞ்சளோ அந்நாட்டுக் கொடியில் உள்ள நிறமே. ஆயினும் அது சட்டைக்கு வந்த வழி வேறு. தொடக்கத்தில் பிரேசில் அணியினர் நீலக் கழுத்துப்பட்டை கொண்ட வெள்ளைச் சட்டையையே அணிந்தனர். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி அந்நாட்டிலேயே நடைபெற்றது. ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா அரங்கில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. ஆட்டம் சமனில் முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்கு உரியதாகும் நிலை. முதல் கோலையும் பிரேசிலே அடித்தது. ஆனால் உருகுவே அடுத்தடுத்து இரண்டு கோல்களை அடித்து வென்றது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கூடியிருந்த அரங்கு பேச்சற்றுப் போனது.

தோற்ற சட்டையின் மீதும் பழி விழுந்தது. வெள்ளை நிறத்தில் நாட்டின் அடையாளம் எதுவும் இல்லை என்று குறை கூறப்பட்டது. 1953ஆம் ஆண்டில் ‘கொரியோ டா மன்யா’ என்னும் நாளிதழ் புதிய சீருடைக்கான போட்டியை அறிவித்தது. பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய கொடியின் நான்கு நிறங்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு நிறங்களை ஒரே உடையில் பொருத்துவது எளிதன்று. ஆல்டிர் கார்சியா ஷ்லீ என்னும் 19 வயது இளைஞர் அதற்கு வழி கண்டார். பச்சை விளிம்பிட்ட மஞ்சள் சட்டை, வெள்ளைக் கோடிட்ட நீலக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை என அவர் வரைந்த சீருடை பரிசு பெற்றது. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிலி அணிக்கு எதிராக அச்சட்டை மரக்கானா அரங்கில் களம் கண்டது.

எனினும் பிரேசில் தன் முதல் உலகக் கோப்பையை வென்றபோது மஞ்சள் அணிந்திருக்கவில்லை. 1958ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரணியான சுவீடனின் நிறமும் மஞ்சளாக இருந்ததால், பிரேசில் வீரர்கள் நீலச் சட்டையுடன் ஆடினர். 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த ஆட்டங்கள் வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பெலேயின் மஞ்சள் சட்டையை அப்போதுதான் பல நாட்டு மக்கள் அதன் உண்மை நிறத்தில் கண்டனர்.

அச்சட்டையை வரைந்த ஷ்லீயின் ஊர் ஜாகுவாரோ. அது பிரேசிலின் எல்லையில் உள்ள ஊர். ஆற்றின் மறுகரை உருகுவே. வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூருக்கும், குமுளியைக் கடந்து கம்பத்திற்கும் நாள்தோறும் சென்றுவரும் மக்களுக்கு அத்தகைய வாழ்க்கை புதிதன்று. ஓர் அரசின் எல்லைக்குள் வீடும், மறுபுறத்தில் உறவும் சந்தையும் மொழியும் அமைவது அங்கும் உண்டு. பிற்காலத்தில் எழுத்தாளராக விளங்கிய ஷ்லீ, போர்த்துகீசியம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதினார். பிரேசிலுக்கு அழியாத அடையாளத்தைத் தந்த அவர், கால்பந்தில் ஆதரித்த அணியோ உருகுவே. அதை அவர் மறைத்ததும் இல்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று ஷ்லீ மறைந்தார். மறுநாள் இலண்டனில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. களத்தில் எதிரெதிரே நின்ற அணிகள் பிரேசிலும் உருகுவேயும்.