கைபேசிக்குள் ஒரு தெருக்கூத்து!

நள்ளிரவு. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். திரவுபதி அம்மன் கோவில் எதிரே பாரதக் கூத்து நடக்கிறது. மத்தளம் அதிர்கிறது.

இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்தபடி வருகிறார்கள். அதுதான் திரை. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளே இருந்து பாட்டுக் குரல் கேட்கிறது. "வருவது யாரோ?" என்று கட்டியங்காரன் கேட்கிறான். தூங்கி வழிந்த பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள்.

திரை விலகுகிறது. துரியோதனன்!

திரை இல்லாமல் திடீரென்று வந்து குதித்திருந்தால் என்ன ஆகும்? இவன் யார், எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று புரிவதற்குள் பாதிப் பாட்டு முடிந்திருக்கும்.

தர்மபுரி வட்டாரக் கூத்துக்காரர்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த சங்கதி. கணிப்பொறிக்காரர்களோ பட்டுத்தான் தெரிந்து கொண்டார்கள்.

இரண்டு தடவை போன பணம்

கைபேசியில் ஒரு பொத்தானைத் தொடுகிறீர்கள். அடியில் இருந்து ஒரு பெட்டி மெல்ல எழும்பி வருகிறது. "சரியா?" என்று கேட்கிறது. பதில் சொன்னதும் வந்த வழியே இறங்கி மறைகிறது. இதெல்லாம் வெறும் அழகுக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

என் தாயார் ஒரு முறை மளிகைக் கடைக்காரருக்குக் கைபேசி மூலம் பணம் அனுப்பினார். "பணம் சேர்ந்தது" என்ற சேதி பட்டென்று தோன்றியது. பட்டென்று மறைந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் திரை பழையபடி ஆகிவிட்டது. பணம் போயிற்றா, இல்லையா? மறுபடியும் அனுப்பிவிட்டார்!

கடைக்காரர் நல்ல மனிதர். மறுநாள் திருப்பித் தந்தார்.

சேதி அசைந்து வந்தால் கண் அந்தப் பக்கம் திரும்பும். மெல்ல விலகினால் எங்கே போயிற்று என்று தெரியும். ஆனால் அசைவு மட்டும் போதாது. படித்து முடிக்கும் வரை சேதி நிற்கவும் வேண்டும்.

வரவு மெல்ல, போக்கு விரைவு

எவ்வளவு நேரத்தில் வர வேண்டும்? எவ்வளவு நேரத்தில் போக வேண்டும்? இதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கூகுள் நிறுவனம் 2014-ல் 'மெட்டீரியல் டிசைன்' என்ற வடிவமைப்பு முறையை வெளியிட்டது. ஒரு வினாடியை 1,000 பங்காக வெட்டிக் கொள்ளுங்கள். கைபேசித் திரைக்குள் நுழையும் பொருளுக்கு 225 பங்கு. வெளியேறும் பொருளுக்கு 195 பங்குதான். அந்த முறை சொன்ன அளவு இது. வருகிறவரை யார் என்று பார்க்க வேண்டும். போகிறவரை வழியனுப்பினால் போதும் அல்லவா?

நடையிலும் வித்தியாசம் உண்டு. தர்மபுரி பஸ் நிலையத்துக்குள் நுழையும் பஸ்சைப் பாருங்கள். வேகமாக வந்து, நிற்கும் இடம் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. புறப்படும்போது மெல்ல ஆரம்பித்து வேகம் பிடிக்கிறது. திரையில் வருவதும் போவதும் அப்படியே. வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் ஓவியர்கள் கைப்பழக்கத்தில் கண்ட வித்தை இது. பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இருவர் 1981-ல் அதைப் புத்தகமாகவே எழுதி வைத்தார்கள்.

இன்டர்நெட் பக்கங்களில் ஒரு விசித்திரம். உள்ளே வர வைப்பது சுலபம். வெளியே அனுப்புவதுதான் கஷ்டம்! "மறைந்து போ" என்று கட்டளை இட்டால், பொருள் அந்தக் கணமே காணாமல் போய்விடும். இல்லாத ஒன்று எப்படி நடந்து போகும்? அது நடந்து முடியும் வரை பிடித்து வைக்க, தனியாக நிரல் எழுத வேண்டி இருந்தது. 2023-ல் குரோம் 117-வது பதிப்பில்தான் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

தலை சுற்றியது!

அளவுக்கு மிஞ்சினால்? அதுவும் நடந்தது.

2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்குப் புது மென்பொருள் வெளியிட்டது. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் படம் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள்.

தொப்பூர் கணவாயில் பஸ்சில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டுகிறதே, அதன் மறுபக்கம் இது. பஸ்சில் உடல் அசைகிறது. கண் பார்க்கும் எழுத்து அசையவில்லை. இங்கே கண் முன்னே உலகம் அசைகிறது; உடல் அசையவில்லை. சமநிலையைக் காட்டும் உறுப்பு காதுக்குள் இருக்கிறது. கண்ணும் அதுவும் வேறு வேறு சாட்சி சொன்னால் மூளை தடுமாறுகிறது.

அக்டோபரிலேயே ஆப்பிள் மாற்று வழி செய்தது. வேண்டாதவர்களுக்குப் பாய்ச்சல் நின்றது. படம் மங்கித் தெளிந்தது. 2017 முதல், "இவருக்கு அசைவு ஆகாது" என்பதை இன்டர்நெட் பக்கங்களும் தெரிந்து கொள்ள வசதி வந்தது. பக்கம் தயாரிப்பவர் அதை மதித்து எழுத வேண்டும். எல்லோரும் எழுதுவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கைபேசி பார்த்தால் தலை சுற்றுகிறதா? 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அணுகல்தன்மை' என்ற தலைப்பைத் தேடுங்கள். அசைவுகளைக் குறைக்கும் அல்லது நீக்கும் சுவிட்ச் அங்கே இருக்கும். போனுக்குப் போன் பெயர் சற்று மாறும்.

என் தாயாரின் போனிலும் அதைப் போட்டுப் பார்த்தேன். இரண்டே நாள்.

"எது எங்கேயிருந்து வருதுன்னே தெரியலைப்பா. பழையபடி வெச்சுக் கொடு" என்றார்.

வைத்துக் கொடுத்து விட்டேன்.