ஆங்கிலேயக் கிராமத்துச் சேதிகளும் கொண்டாட்டங்களும்

இங்கிலாந்து என்றதும் நம்மவர்களுக்கு லண்டன் மாநகரம், தேம்ஸ் நதி, பக்கிங்ஹாம் அரண்மனை, லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம் இவைதான் ஞாபகத்துக்கு வரும். நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போய் இறங்குவதும் பெரும்பாலும் லண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம் மாதிரி நகரங்களில்தான். ஆனால் ஆங்கிலேயர்கள் பலர் தங்கள் நாட்டின் அசல் முகம் என்று மனசுக்குள் வைத்திருப்பது நகரத்தை அல்ல. பழைய கல் சர்ச் ஒன்று, அதற்கு ஒரு மணிக்கூண்டு, ஊர் நடுவே பொதுப் புல்வெளி, ஓரமாக ஒரு பப், ஒரு தபால் ஆபீஸ், இருநூறு முந்நூறு வீடுகள். இப்படி ஒரு கிராமம்தான் அவர்கள் கண்ணில் நிற்கும்.

அந்தக் கிராமங்களில் என்ன சேதி, என்ன கொண்டாட்டம், அவற்றை யார் நடத்துகிறார்கள், அவை இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்கலாம். சொந்த ஊரை விட்டு வந்து, ஊரில்லாத இடத்தில் ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டு வாழும் நமக்கு அதில் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் உண்டு.

ஊரும் ஊர்ச் சபையும்

சர்ச் இருந்தால் அது கிராமம், இல்லாவிட்டால் வெறும் குடியிருப்பு என்பது அங்கே பழைய வழக்கு. ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரத்துக்குப் ‘பேரிஷ்’ என்று பெயர். ஏழைகளுக்கு உதவுவது, சாலை போடுவது போன்ற உலகியல் காரியங்களையும் நெடுங்காலம் அந்தப் பேரிஷ்தான் பார்த்து வந்தது. 1894இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இந்த வேலைகளைச் சர்ச்சிடமிருந்து பிரித்து, தேர்தல் மூலம் அமையும் பேரிஷ் கவுன்சிலிடம் கொடுத்தது. இதில் ஒரு விசேஷம் உண்டு. பார்லிமென்ட் தேர்தலில் ஆங்கிலேயப் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1918இல்தான், அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதிக்கு. ஆனால் இந்த ஊர்ச் சபைகளில் தகுதியுள்ள பெண்கள், கல்யாணமானவர்கள் உட்பட, 1894லேயே ஓட்டுப் போடவும் உறுப்பினராகவும் முடிந்தது.

இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை என்ன தெரியுமா? விளையாட்டுத் திடல், இடுகாடு, பஸ் நிறுத்த நிழற்கூடம், நடைபாதை, காய்கறி போட வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுகள் ஆகியவற்றைப் பராமரிப்பது. ஊருக்குள் யாராவது வீடு கட்ட விண்ணப்பித்தால் மேல்சபைக்கு அபிப்பிராயம் சொல்வது. இதற்கான பணம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவதில்லை. பல ஊர்களில் போட்டியிடவே ஆள் கிடைப்பதில்லை என்பதால் நாலு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. நம் சங்கத்துச் செயலாளர் பதவிக்கு ஆள் தேடி அலைபவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டாம்!

அங்கே சண்டையும் உண்டு. செஷயர் மாவட்டத்து ஹேண்ட்ஃபோர்த் பேரிஷ் கவுன்சில், கொரோனா காலத்தில் கணினி வழியாக நடத்திய கூட்டமொன்றின் காணொளி 2021 பிப்ரவரியில் வெளியாகி உலகமெல்லாம் சிரித்தது. யார் தலைவர், யாருக்கு அதிகாரம் என்று கூச்சல். ஊர்ப் பொதுக்கூட்டம் எங்கே நடந்தாலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

நாலு பக்கத்தில் ஓர் ஊர்

இந்த ஊர்களின் சேதியெல்லாம் வருவது மாதாந்தரப் பேரிஷ் பத்திரிகையில். டார்பி நகரத்து விக்கர் ஜான் எர்ஸ்கின் கிளார்க் 1859இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார். நடுப்பக்கங்களைப் பொதுவாக அச்சிட்டு அனுப்பிவிடுவார். அந்தந்த ஊர்ப் பாதிரியார் தம் ஊர்ச் சேதியை மேலட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு பல ஊர்களுக்கும் பரவியது. பிறகு ஒவ்வோர் ஊரும் தானே எழுதி, தானே அச்சிட்டு, வீடு வீடாகப் போட ஆரம்பித்தது.

அதில் என்ன இருக்கும்? யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் காலமானார், இந்த மாதம் சர்ச்சில் பூ வைக்கும் முறை யாருடையது, சாலைப் பள்ளத்தை எப்போது மூடுவார்கள், காணாமல் போன பூனை, மன்றக் கட்டடத்துக் கூரைக்கு எவ்வளவு பணம் சேர்ந்தது, மாதர் சங்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார். வெளியாள் படித்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஊர்க்காரர் படித்தால் ஒரு வரியும் விட முடியாது. பெரிய பத்திரிகைகளுக்குச் செய்தியே இல்லாத ஜனங்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

மாதர் சங்கம் என்றேன். 1897இல் கனடாவில் தொடங்கிய விமன்ஸ் இன்ஸ்டிடியூட், 1915இல் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சீ தீவில் பிரிட்டனின் முதல் கிளையை அமைத்தது. உலகப் போர்க் காலம். உணவு விளைவிப்பதும் கெடாமல் பாதுகாப்பதும் முக்கியமான வேலை. அதனால் ‘ஜாம் போடும் சங்கம்’ என்றே பெயர் வந்துவிட்டது. யார்க்ஷயரில் ரில்ஸ்டோன் என்ற ஊர்ச் சங்கத்துப் பெண்கள், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1999இல் துணிச்சலாக ஒரு காலண்டர் போட்டார்கள். அதுவே 2003இல் சினிமாவாகவும் வந்தது.

தேங்காய் விளையாத நாட்டில் தேங்காய்

கோடைகாலத்தில் பெரும்பாலான ஊர்களில் ‘ஃபெட்’ என்ற ஒருநாள் திருவிழா நடக்கும். புல்வெளியில் கூடாரம் போடுவார்கள். கேக் விற்பனை, பழைய புத்தகக் கடை, பரிசுச் சீட்டு, நாய்களுக்கு அழகுப் போட்டி, கயிறிழுப்பு எல்லாம் உண்டு. கேக் எத்தனை எடை இருக்கும் என்று சரியாகச் சொன்னால் கேக் உங்களுக்கே. காய்கறிப் போட்டியில் யாருடைய பூசணி பெரிசு, யாருடைய லீக் தண்டு நீளம் என்பதில் வருஷக்கணக்கான பகையே உண்டாகும்.

நம்மவர்கள் ஆச்சரியப்படும் ஒரு விளையாட்டு ‘கோகனட் ஷை’. கம்பத்தின் மேல் தேங்காய்களை வரிசையாக வைத்து, மரப்பந்தால் அடித்து வீழ்த்த வேண்டும். விழுந்த தேங்காய் அடித்தவருக்குச் சொந்தம். தென்னையே வளராத குளிர்நாட்டில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வந்த தேங்காய் அன்றைக்கு அபூர்வப் பொருள். அதனால்தான் அது பரிசாயிற்று. நாம் சாமிக்கு உடைப்பதை அவர்கள் சர்ச் கூரைக்காக அடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆமாம், இந்த வசூலில் பெரும்பங்கு சர்ச் கூரைக்கோ மன்றத்துக்கோதான் போகிறது.

வருஷம் முழுக்கவே ஏதாவது ஒன்று உண்டு. மே மாதம் கம்பத்தில் நாடா கட்டிப் பிள்ளைகள் ஆடுவார்கள். இலையுதிர் காலத்தில் அறுவடை நன்றி விழா. இன்றைய வடிவில் அதைத் தொடங்கியவர் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ ஊர்ப் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர், ஆண்டு 1843. நவம்பர் 5ஆம் தேதி, 1605இல் பார்லிமென்டை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்ததை நினைத்துச் சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டுவார்கள். அதே மாதத்தில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. முதல் உலகப் போருக்குப் போனவர்கள் அனைவரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்தே ஐம்பது சொச்சம்தான். மற்ற ஊர்களில் கல்லில் பெயர்கள் இருக்கின்றன.

கொண்டாட்டத்துக்குள் ஒரு காரணம்

சில ஊர்களின் விழாக்களைத் தனியே சொல்ல வேண்டும். வில்ட்ஷயரில் கிரேட் விஷ்ஃபோர்ட் என்ற ஊர். பக்கத்திலுள்ள குரோவ்லி காட்டில் விறகு எடுக்கும் உரிமை அவ்வூராருக்கு உண்டென்று 1603இல் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே 29ஆம் தேதி விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போய் ஓக் கிளைகளை வெட்டி வருவார்கள். பிறகு சாலிஸ்பரி பேராலயம் போய், காட்டின் பெயரை உரக்கக் கூவி உரிமையை நிலைநாட்டுவார்கள். ஆட்டமும் பாட்டமும் உண்டு. ஆனால் அடிப்படையில் இது ஒரு பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிற காரியம். மறந்தால் உரிமை போய்விடும் என்ற பயம்தான் இதை நானூறு வருஷம் காப்பாற்றியது.

டார்பிஷயரில் டிஸ்ஸிங்டன் என்ற ஊரில், ஏசுநாதர் விண்ணேறிய திருநாளை ஒட்டி ஊர்க் கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள். பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ், இலை, பாசி, விதை இவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி வேதாகமக் காட்சிகளைப் படமாக்குவார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் நல்ல தண்ணீரால் ஊர் பிழைத்தது என்று ஒரு வழக்கு. 1615 வறட்சியிலும் ஊற்று வற்றவில்லை என்று இன்னொரு வழக்கு. எப்படியானாலும் அது தண்ணீருக்குச் சொல்லும் நன்றி.

அதே மாவட்டத்து ஈயம் கிராமத்தின் கதை கனமானது. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணியோடு பிளேக் நோய் ஊருக்குள் புகுந்தது. பாதிரியார் வில்லியம் மாம்பசன் சொல்லைக் கேட்டு, நோய் அக்கம்பக்கம் பரவாதிருக்க ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். வெளியூரார் எல்லைக் கல்லருகே உணவு வைப்பார்கள். கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போடுவார்கள். பதினான்கு மாதத்தில் சுமார் 260 பேர் மாண்டார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று இன்றும் திறந்தவெளியில் அதற்கு வழிபாடு நடக்கிறது. 2020இல் உலகமே கதவடைத்தபோது இந்தச் சின்ன ஊரின் பெயர் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது.

காசி மகாராஜா தோண்டிய கிணறு

இந்தியாவின் பெயரைச் சொல்லும் ஆங்கிலேயக் கிராமமும் ஒன்று உண்டு: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டோக் ரோ. சுண்ணாம்புக் குன்றின் மேல் இருப்பதால் தண்ணீர் வெகு ஆழத்தில். குட்டைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான் கதி. அப்பகுதியில் பிறந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் வட இந்தியாவில் பெரிய அதிகாரி. வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக அடிவாங்கிய ஒரு பையனைப் பற்றித் தம் நண்பரான காசி மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கிடம் அவர் சொல்லியிருந்தார். ரீட் இந்தியாவில் கிணறு வெட்டிக் கொடுத்ததையும், இந்தக் கதையையும் மறக்காத மகாராஜா, ஸ்டோக் ரோவுக்குக் கிணறு தோண்டப் பணம் கொடுத்தார்.

கையாலேயே தோண்டிய அக்கிணற்றின் ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் உயரமே 365 அடிதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1864 மே மாதம், விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று திறந்தார்கள். மேலே கவிகை மண்டபம், இறைக்கும் எந்திரத்தின் மேல் பொன்னிற யானை. பராமரிப்புச் செலவுக்காகப் பக்கத்தில் செர்ரித் தோட்டமும் வைத்தார்கள். தண்ணீர் இலவசம். நம் ஊர்ச் சத்திரத்துக்கு மானியம் எழுதி வைப்பது போலத்தான். 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு எடின்பரோ கோமகன் வந்தார். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் கிணற்றில் இன்று யாரும் இறைப்பதில்லை; ஆனால் ஊர் அதைப் பாதுகாக்கிறது. ஆண்டவனிடம் இருந்தவன் அடிமைப்பட்டவன் நாட்டுக்குக் கொடுத்ததாகத்தான் நாம் படித்திருக்கிறோம். இங்கே கொடை எதிர்த்திசையில் போயிருக்கிறது.

கடையை மூடினால் என்ன செய்வது?

இவ்வளவு அழகாகச் சொன்னாலும் அந்த ஊர்களின் நிலைமை கவலைக்குரியதுதான். இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்க வீடு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, ஊரில் பிறந்த பிள்ளைக்கே வீடு எட்டாக்கனியாகிறது. கார்ன்வாலின் கடலோரச் சிற்றூரான செயின்ட் ஐவ்ஸ், புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு மட்டுமே தர வேண்டுமென்று 2016இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தது. குளிர்காலத்தில் பாதி ஜன்னல்கள் இருட்டாகக் கிடக்கிற ஊரில் யார் பத்திரிகை போடுவது, யார் மணி அடிப்பது?

2007 முதல் 2009 வரை மட்டும் பிரிட்டனில் சுமார் 2,500 தபால் ஆபீஸ்கள் மூடப்பட்டன. பல கிராமங்களில் தபால் ஆபீஸும் மளிகைக் கடையும் ஒன்றே. அது போனால் பென்ஷன் வாங்க, பால் வாங்க, நாலு வார்த்தை பேச இடமில்லை. இதற்குச் சில ஊர்கள் கண்ட வழி, பங்கு போட்டுக் கடையைத் தாங்களே வாங்குவது. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரின் ‘ஓல்ட் கிரௌன்’ பப்பை 2003இல் ஊராரும் அபிமானிகளும் கூட்டுறவாக வாங்கிவிட்டார்கள். ஊர் மக்கள் சேர்ந்து நடத்தும் கடைகள் இன்று நூற்றுக்கணக்கில் உள்ளன. 2011இல் வந்த சட்டமொன்று, ஊருக்குப் பயன்படும் கட்டடம் விற்பனைக்கு வந்தால் ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்தது. பயனற்றுப் போன சிவப்பு டெலிபோன் கூண்டுகளையும் 2008 முதல் ஒரு பவுண்டுக்கு வாங்கி, குட்டி நூலகமாகவும் மாரடைப்புக்கு முதலுதவிக் கருவி வைக்கும் இடமாகவும் மாற்றி வருகிறார்கள்.

எல்லா ஊரும் இப்படிப் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் இருந்து, அந்த ஆளுக்கு நேரமும் மனசும் இருந்த ஊர்கள் பிழைத்தன.

நமக்கு என்ன?

மேலே சொன்ன விழாக்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். விறகு உரிமை, தண்ணீருக்கு நன்றி, இறந்தவர் நினைவு, ஒழுகும் கூரை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கடமை இருக்கிறது. கேளிக்கைக்கு மட்டும் கூடுகிற கூட்டம் பத்து வருஷத்தில் கலைந்துவிடும். கடமைக்குக் கூடுவது பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நாம் பொங்கல் விழா நடத்துகிறோம், மலர் போடுகிறோம். நல்லதுதான். கூடவே, நம் குடும்பங்களில் யார் வீட்டில் பெரியவர் தனியாக இருக்கிறார், யாருக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும், யார் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர வேண்டும் என்ற சின்னச் சின்னச் சேதிகளும் மாதா மாதம் ஒரே தாளில் வீடு வீடாகப் போனால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. நாலு பேர் முன்வந்தால் போதும். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது முப்பது வயதுக்குட்பட்டவர்களாக இருக்கட்டும்.