பழைய பூங்காவும் டைக் துரையும்

சுன்னாகத்திலிருந்து பட்டினஞ் சென்று, கண்டி வீதியாற் சுண்டிக்குளிக்குப் போவோர், கச்சேரிக்கு அருகே அடர்ந்து நிற்கும் பெருமரங்களைக் காணாதிருத்தல் அரிது. அதுவே பழைய பூங்கா. ஏறக்குறைய 27 ஏக்கர் நிலம். இதன் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும்.

அந்நாட்டுப் பிரபுக்கள் ஒருகாலத்திற் பிரான்சியரைப் பின்பற்றி, நேரிய பாதைகளும் கத்தரித்த செடிகளுமாகத் தோட்டம் வகுத்தனர். 18ஆம் நூற்றாண்டில் அம்முறை மாறிற்று. லான்சலொற் பிரவுண் (1716–1783) என்னுங் கலைஞர், பரந்த புல்வெளி, குழுமி நிற்கும் மரங்கள், வளைந்து கிடக்கும் நீர்நிலை என்பவற்றை இயற்கையே இயற்றியதுபோல அமைத்தார். பிளெனிம் மாளிகையிற் சிற்றாறொன்றை அணைகட்டிப் பேரேரியாக்கினார். மாளிகைக்கும் மேய்ச்சல் வெளிக்குமிடையே கண்ணுக்குத் தோன்றாத அகழியை வெட்டி ஆடுமாடுகளைத் தடுப்பதும் அக்கால வழக்கு. வேலியில்லாத வளவை எண்ணிப் பார்க்கவும் இயலாத எமக்கு இது வியப்பே!

இவ்வழக்கை அறிந்த ஆங்கிலேயருள் ஒருவரே பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் யாழ்ப்பாணத்துக்குக் கலெக்டராக வந்த அவர், 1833இல் வட மாகாணம் வகுக்கப்பட்டபின் அதன் அரசாங்க ஏசண்டராயினார். ‘வடக்கின் இராசா’ என அவரை அழைத்தமை புகழ்ச்சி மட்டுமன்று; அவரது அதிகாரத்தின் அளவையுங் காட்டுவது. தமக்கென மாளிகை அமைத்து, சூழ மரங்களை வளர்த்தார். 1867இற் பதவியிலிருக்கும்போதே இறந்த அவர், தம்பின் வருவோர் உறைவதற்காக அதனை அரசாங்கத்துக்கு விட்டுச் சென்றார்.

ஆயினும் பிரவுணின் ஏரிக்கு இங்கே இடமில்லை. எம் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. பெய்த மழையைச் சுண்ணக்கல் உறிஞ்சிவிடும். கோடையில் மரக்கன்று பிழைப்பது கிணற்று நீராலேயே. செம்மண் தோட்டத்துக்குத் துலாமிதித்து இறைத்த சுன்னாகத்தார்க்கு அதன் அருமையை யாம் விரித்துரைக்க வேண்டா. ஆங்கிலப் பூங்காவுக்குப் புல்வெளி அழகு; எமது வெயிலுக்கு நிழலே அழகு. அந்நிழலும் நெடுங்காலம் ஆள்வோர்க்கே உரியதாயிருந்தது.

உள்நாட்டுப் போரில் மாளிகை அழிந்தது. இன்று இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. நிலத்தின் ஒரு பகுதியில் அரசாங்க அலுவலகங்கள் எழுந்தன. ஒரு பகுதியிற் பொதுமக்கள் உலாவுகின்றனர். இந்த மாற்றத்தை யாம் வரவேற்கிறோம். ஆனால் புதுக்கட்டடம் ஒன்று எழும்போதெல்லாம் மரங்களுக்கு என் நேருமோ என்ற கவலையும் உண்டு. எம் கல்லூரித் தாவரவியல் மாணவர் ஒரு விடுமுறையில் அங்கு சென்று, ஒவ்வொரு மரத்தின் பெயரையும் அடிமரச் சுற்றளவையும் நின்ற இடத்தையுங் குறித்து வருவாராயின், அந்த அட்டவணையை அடுத்த மலரில் வெளியிடலாம்.